டெல்டாவில் ஒரு எல்ஜிபிடி கிளை: தொடங்குவதும் நிலைக்க வைப்பதும்

கேள்வி: "நாங்கள் நான்கு பேர். கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். சென்னையில் உள்ள ஒரு எல்ஜிபிடி உரிமை அமைப்பு, டெல்டாவில் தங்களுக்கு ஒரு கிளை வேண்டும், நீங்களே நடத்துங்கள் என்கிறது. இந்தப் பக்கம் இப்படித் தொடங்கிய முயற்சிகள் ஆறே மாதத்தில் நின்றுபோனதைப் பார்த்திருக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது? நின்றுபோகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?"

நான்கு பேர் போதும். 1999 ஜூலை 2 அன்று கொல்கத்தாவில் 'நட்பு நடை' என்று நடந்தவர்கள் 15 பேர்தான். எல்ஜிபிடி மக்கள் பெருமையோடு தெருவில் நடக்கும் பிரைடு ஊர்வலங்களில் இந்தியாவின் முதலாவது என்று இன்று சொல்லப்படுவது அதைத்தான். நியூயார்க்கில் ஜீன் மான்ஃபோர்ட் என்ற பள்ளி ஆசிரியை 1972-ல் தன்பாலீர்ப்புள்ள தன் மகனோடு ஊர்வலத்தில் நடந்தார். 1973 மார்ச்சில் ஒரு தேவாலயத்தில் மற்ற பெற்றோர்களைக் கூட்டினார். வந்தவர்கள் ஏறக்குறைய 20 பேர். அந்தக் கூட்டம்தான் பிஃப்ளாக் என்ற அமைப்பாக வளர்ந்து, இப்போது அமெரிக்காவின் சின்னச் சின்ன ஊர்களில்கூடத் தன்னார்வலர்கள் நடத்தும் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பரவியிருக்கிறது. ஆள் குறைவால் ஒரு கிளை நின்று நான் பார்த்ததில்லை. முதல் மாதமே பேரணி, கருத்தரங்கம், குறும்பட விழா என்று இறங்கி, அதற்கான ஆளும் பணமும் இல்லாமல் களைத்துப்போய்த்தான் நின்றிருக்கின்றன.

டெல்டாவுக்குக் கிளை என்பது புது விஷயம் கிடையாது. 1940-களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாச ராவ் இங்கே வந்து விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டியபோது, ஊருக்கு ஊர் சங்கம் வைத்துத்தான் பண்ணையார்கள் தண்டனையாகக் கொடுத்த சாணிப்பாலையும் சவுக்கடியையும் எதிர்த்து நின்றார்கள். இன்றும் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு பெரியவரிடம் கிளை என்று சொன்னால் போதும். சந்தா, மினிட்ஸ் புத்தகம், செயலாளர், மாதக் கூட்டம் எல்லாம் அவருக்குச் சொல்லாமலே புரியும். உங்களுக்கு வேண்டியதும் அந்த ஒழுங்குதான்.

முதல் வருடம் இரண்டே வேலை வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை, மாறாத ஒரு நாளில் கூடுவது. அப்புறம், ஒரு கைபேசி எண்ணில் யார் கூப்பிட்டாலும் எடுத்துப் பேசுவது. இந்த இரண்டும் ஒரு வருடம் தவறாமல் நடந்தால் உங்களுக்குக் கிளை இருக்கிறது என்று அர்த்தம். மற்ற எல்லாவற்றையும் அதன் மேல்தான் கட்ட முடியும்.

கூட்டத்தை முதலில் பார்ப்போம். நம் ஊர்களின் பெரிய சிக்கல், எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள் என்பது. கும்பகோணத்தில் ஒரு டீக்கடையில் நான்கு பேர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே, "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்க ஒருவர் வந்துவிடுவார். அதனால் சொந்த ஊரில் கூடாதீர்கள். கும்பகோணத்தில் இருப்பவர் மயிலாடுதுறைக்கும், மயிலாடுதுறைக்காரர் தஞ்சாவூருக்கும் போகட்டும். ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தள்ளிப் போனாலே மூச்சு விடச் சுலபமாக இருக்கும். பூங்கா, குளக்கரை போன்ற இடங்கள் முதல் சந்திப்புக்குச் சரி. மாதக் கூட்டத்துக்கு நான்கு சுவர் வேண்டும். ஒரு வழக்கறிஞரின் அலுவலகம், ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும் டியூஷன் சென்டர், தொழிற்சங்க அலுவலகத்தின் மாடி அறை, முற்போக்கு எழுத்தாளர் சங்கக் கிளை கூடும் இடம் என்று தேடினால் கிடைக்கும். இடம் தருபவரிடம் விஷயத்தை உள்ளபடி சொல்லிவிடுங்கள். பொய் சொல்லி வாங்கிய இடம் ஒருநாள் பாதிக் கூட்டத்தில் கைவிட்டுப் போகும், அன்று வந்திருந்த புதியவர் மறுபடி எந்தக் கூட்டத்துக்கும் வர மாட்டார்.

நேரம் ஞாயிறு காலை 11-லிருந்து 2 மணி. மாலைக் கூட்டம் வேண்டவே வேண்டாம். வீட்டில் பதில் சொல்ல வேண்டிய பெண்களும், கிராமத்துக்குக் கடைசி பஸ் பிடிக்க வேண்டியவர்களும் மாலைக் கூட்டத்துக்கு வர முடியாது. அவர்கள் வராத கூட்டத்தில் வேலைக்குப் போகும், சொந்த பைக் வைத்திருக்கும், நகரத்து ஆண்கள் மட்டும்தான் மிஞ்சுவார்கள். பல கிளைகள் தங்களை அறியாமலே கே (தன்பாலீர்ப்புள்ள) ஆண்களின் நண்பர் வட்டமாகச் சுருங்கிப்போனதற்குக் கூட்ட நேரம்தான் காரணம். 2021-லிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கும் திருநங்கைகளுக்கும் கட்டணம் இல்லை. கூட்டம் நடக்கும் இடம் அந்தப் பேருந்துகள் வந்து நிற்கும் தூரத்தில் இருக்கட்டும்.

மாதங்களையும் கணக்கில் எடுங்கள். சித்திரையில் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவுக்குத் திருநங்கைகள் போய்விடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் நாள்கணக்கில் மின்சாரமே கிடையாது. அந்த மாதிரி சமயத்தில் கூட்டம் நடத்த முடியாவிட்டாலும் உறுப்பினர்கள் ஒவ்வொருவரிடமும் பேசியாக வேண்டும். பொங்கல் விடுமுறையை மட்டும் விட்டுவிடாதீர்கள். திருப்பூர், சென்னை, சிங்கப்பூர், வளைகுடா என்று போன நம் ஆட்கள் ஊருக்கு வருவது அப்போதுதான். வருடத்தின் பெரிய கூட்டத்தை அந்த வாரத்தில் வையுங்கள்.

இதையெல்லாம் செய்வதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. டெல்டாவில் நீங்கள் முதல் ஆள் கிடையாது. ஒவ்வொரு ஊரிலும் திருநங்கைகள் தங்களுக்குள் குடும்பம்போல வைத்திருக்கும் ஜமாத் என்ற அமைப்பு இருக்கிறது. மூத்த அம்மாக்கள் இருக்கிறார்கள். தமிழ்நாடு அரசு 2008 ஏப்ரல் 15 அன்று நாட்டிலேயே முதலாகத் திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைத்தது என்றால், அதற்குப் பின்னால் இந்த அம்மாக்களைப் போன்றவர்களின் நடையும் மனுவும் இருக்கின்றன. திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் வீட்டுமனைப் பட்டா கேட்டு வரிசையில் நிற்பவர்களும் அவர்கள்தான். இன்னொரு பக்கம், எச்ஐவி தடுப்புத் திட்டங்களில் களப்பணி செய்த கோத்திகளும் (பெண்மைச் சாயலோடு, ஆண்களை விரும்பும் ஆண்கள்) திருநங்கைகளும் இருக்கிறார்கள். அரசு மருத்துவமனையில் எச்ஐவி பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் யாரிடம் பேசினால் காரியம் நடக்கும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. கிளை என்று பெயர் வைப்பதற்கு முன்பு இவர்களைப் போய்ப் பாருங்கள். கையெழுத்து வாங்கவோ போட்டோ எடுக்கவோ போகாதீர்கள். என்ன தேவை என்று கேட்கப் போங்கள்.

அவர்கள் சொல்வது உங்கள் திட்டத்தில் இல்லாததாக இருக்கும். ஒரு மூத்த திருநங்கை இறந்துபோனால், இருபது வருடம் எட்டிப் பார்க்காத சொந்தக்காரர்கள் வந்து உடலுக்கு வேட்டி கட்டித் தூக்கிப்போவது நடக்கிறது. ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டா, பெண்கள் வார்டா என்று மணிக்கணக்கில் வராந்தாவில் படுக்க வைப்பது நடக்கிறது. இப்படி ஒரு நாளில் உங்கள் கிளையிலிருந்து இரண்டு பேர் போய்ப் பக்கத்தில் நின்றால், பத்துக் கருத்தரங்கில் கிடைக்காத மரியாதை கிடைக்கும். அந்த மரியாதை இல்லாமல் இந்த வட்டாரத்தில் எந்த எல்ஜிபிடி கிளையும் ஓடாது.

ஆனால் ஜமாத்தையே கிளையாக்கிவிடவும் கூடாது. ஜமாத்துக்கு அதன் முறைகள், அதன் மூத்தோர் இளையோர் வரிசை எல்லாம் உண்டு. பிறப்பில் பெண் என்று சொல்லப்பட்டு ஆணாக வாழும் ஒரு திருநம்பிக்கோ, தன்பாலீர்ப்புள்ள பெண்ணுக்கோ அங்கே இடம் கிடைப்பது கஷ்டம். டெல்டாவில் மிகவும் தனியாக இருப்பவர்கள் இந்த இரண்டு தரப்பும்தான். அவர்களுக்கு ஜமாத்தும் இல்லை, ராத்திரி நின்று பேச ஒரு பஸ் ஸ்டாண்டும் இல்லை. வீட்டை விட்டுத் தனியாக வெளியே வருவதற்கே காரணம் சொல்ல வேண்டும். எனவே மாதக் கூட்டத்தில் முதல் ஒரு மணி நேரத்தை அவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடுங்கள். முதல் மூன்று மாதம் யாருமே வராமல் போகலாம். அந்த நேரத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள். ஒரு பெண் வரத் துணிவதற்குள் பல மாதம் தூரத்திலிருந்து கவனித்துக்கொண்டிருப்பார். அவர் வரும் நாளில் அந்த அறையில் ஒருத்தியாவது இருக்க வேண்டும்.

இனி தொலைபேசி. கிளையின் உயிர் இதில்தான் இருக்கிறது. தனி எண் வாங்குங்கள், யாருடைய சொந்த எண்ணும் வேண்டாம். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதுபோல, வாரத்துக்கு ஒருவர் என்று முறை போட்டு அதை எடுங்கள். ஒரே ஆள் வருடம் முழுக்க எடுத்தால் அவர் உடைந்துபோவார். தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்த மாதங்கள் நெருங்கும்போது அழைப்புகள் கூடும். பெண் பார்க்க வருகிறார்கள், நிச்சயம் செய்துவிட்டார்கள், போனைப் பிடுங்கிவிட்டார்கள், மந்திரிக்கக் கூட்டிப்போகிறார்கள். பெரும்பாலும் இவைதான். அந்த மாதங்களில் இரண்டு பேரை முறையில் போடுங்கள்.

போனை எடுப்பவர் மனநல மருத்துவராக இருக்கத் தேவையில்லை. கேட்கத் தெரிய வேண்டும், சில விஷயங்கள் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். நம் ஆட்களிடையே தவறான தகவல் நிறைய. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவை வாசித்த விதத்தில், வயது வந்த இருவர் மனமொப்பிச் சேர்ந்திருப்பது குற்றம் இல்லை என்று ஆகிவிட்டது. ஆனாலும் போலீஸ் பிடிக்கும் என்று பயப்படுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எதிர்ப்பக்கம், கல்யாணமும் பதிவு செய்யலாம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். உச்ச நீதிமன்றத்தின் 2023 அக்டோபர் 17 தீர்ப்பு தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்கவில்லை. அதேசமயம், திருநங்கை ஒருவர் இந்துத் திருமணச் சட்டத்தின்படி மணமகளே என்று 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்திருக்கிறது. தூத்துக்குடியைச் சேர்ந்த தம்பதியரின் வழக்கு அது. அழைப்பவரின் நிலைமைக்கு எது பொருந்தும் என்று பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும்.

இரண்டு பெண்கள் வீட்டை விட்டு வெளியேறினால் அடுத்து என்ன நடக்கும் என்பது நமக்கெல்லாம் தெரியும். காணவில்லை என்று புகார், போன் சிக்னலை வைத்துக் கண்டுபிடிப்பது, ஸ்டேஷனுக்கு வரவழைத்து, அழுதுகொண்டிருக்கும் அம்மா அப்பாவோடு அனுப்பிவைப்பது. இதற்கு எதிரான சட்ட பலம் தமிழ்நாட்டில்தான் மற்ற இடங்களைவிட அதிகம் என்பது பலருக்குத் தெரியாது. 2021 ஜூன் 7 அன்று வீட்டை விட்டு வந்த இரண்டு பெண்கள் தொடுத்த சுஷ்மா வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் போட்ட உத்தரவில், காணவில்லை என்ற புகாரில் தேடப்படுபவர்கள் வயது வந்த, மனமொத்த பால்புதுமையினர் (எல்ஜிபிடி மக்கள்) என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, துன்புறுத்தாமல் புகாரை முடித்துவிட வேண்டும் என்று இருக்கிறது. அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2022-ல் காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்ற விதி சேர்க்கப்பட்டது. பால்புதுமையினரை மட்டும் இல்லை, அவர்கள் நலனுக்காக வேலை செய்பவர்களையும் போலீஸ் துன்புறுத்தக் கூடாது என்கிறது அது. அதாவது உங்களையும். 2025 மே 22 அன்று அதே நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், லட்சுமிநாராயணன் அமர்வு, வீட்டில் அடைத்து வைக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணை அவர் விருப்பப்படி தன் தோழியோடு போக விட்டது. நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் குடும்பமும் குடும்பம்தான் என்று அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொள்கிறது. இவற்றின் நகல்களை அச்செடுத்து ஒரு ஃபைலில் வையுங்கள். ஸ்டேஷனில் நின்று வாதாடுவதைவிட, ஒரு தாளை மேசையில் வைப்பது பல நேரம் நன்றாக வேலை செய்யும்.

டெல்டாவுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆட்கொணர்வு மனு போட வேண்டிய நிலை வந்தால், தஞ்சாவூர் மாவட்டம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வரும். திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள் சென்னையில் வரும். உங்கள் கும்பகோணத்து உறுப்பினருக்கு மதுரை, மன்னார்குடி உறுப்பினருக்குச் சென்னை. எனவே இரண்டு இடத்திலும் ஒரு வழக்கறிஞரை முன்கூட்டியே பேசி வையுங்கள். பிரச்சினை வந்த ராத்திரியில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையும் போய்ப் பார்த்து அறிமுகம் செய்துகொள்ளுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே இலவச உதவி உண்டு. அவர்களுடைய எண் 15100. போலீஸைப் பொறுத்தவரை இந்த நான்கு மாவட்டங்களுக்கும் தஞ்சாவூர் சரக டிஐஜி மேலதிகாரி. ஊர் ஸ்டேஷனில் மனுவை வாங்க மறுத்தால் எஸ்பி, அதற்கு மேல் டிஐஜி என்று போகலாம்.

செயலி வழியாக வரவழைத்து, அடித்து, வீடியோ எடுத்து, ஜிபேயில் பணம் பறிப்பது இன்னொரு வகை அழைப்பு. கிரைண்டர் என்ற டேட்டிங் செயலியில் பேசியவன் சவுக்குத் தோப்புக்கு வரச் சொல்லுவான், அங்கே நான்கு பேர் நிற்பார்கள். மிரட்டிப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-வது பிரிவில் குற்றம். பணம் போனவுடன் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்தால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்பு இருக்கிறது. ஆனால் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைவிட வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம்தான் பெரிது. புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை அவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும். கிளையின் பெயரை வளர்ப்பதற்காக ஒருவரையும் புகார் கொடுக்கத் தள்ளாதீர்கள்.

பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகள் கூப்பிட்டால் கனிவாகப் பேசுங்கள், கூட்டத்துக்கு அழைக்காதீர்கள், யார் வீட்டிலும் தங்க வைக்காதீர்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் கொண்டுபோங்கள், கூடவே போங்கள். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில் ஒரு பொய்ப் புகார் வந்தாலே கிளை அதோடு முடிந்துவிடும். அடைக்கலம் தேடி வந்த பிள்ளைக்கும் அதனால் நல்லது நடக்காது.

மருத்துவர் ஒருவரும் வேண்டும். 'மாற்றிவிடுகிறேன்' என்று சிகிச்சை செய்வதைத் தொழில் ஒழுங்கீனமாக 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்துவிட்டது. அப்படியும் செய்பவர்கள் இருக்கிறார்கள். நம்பகமான ஒரு மனநல மருத்துவரை அரசு மருத்துவக் கல்லூரியிலோ வெளியிலோ கண்டுபிடித்து வையுங்கள். ராத்திரி நேரத்துக்கு 14416 என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது.

சாதியைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதிலை எழுத முடியாது. 1968 டிசம்பரில் கீழ்வெண்மணியில் தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை எரித்த மண் இது. நாமெல்லாம் ஒரே சமூகம் என்று சொல்லிக்கொண்டு சாதியை வாசலில் விட்டுவந்துவிட முடியாது. கூட்டத்துக்கு யார் வீட்டு மாடி கிடைக்கிறது, யார் சமைத்ததை யார் சாப்பிடுகிறார்கள், யாருக்கு இங்கிலீஷ் வருகிறது என்று சென்னைக்காரர்கள் யாரிடம் மட்டும் பேசுகிறார்கள், எல்லாவற்றிலும் அது இருக்கிறது. வேறு வேறு சாதியைச் சேர்ந்த இரண்டு பெண்கள் சேர்ந்து வெளியேறும்போது அவர்களைத் துரத்துவது குடும்பம் மட்டும் இல்லை, சாதிச் சங்கமும்தான். அந்த நேரத்தில் கிளையில் ஒருவர், "நம்ம ஆளுங்க பொண்ணாச்சே" என்று தகவல் சொல்லிவிட்டால் ஓர் உயிர் போய்விடும். ஆகவே கிளையை நடத்தும் இரண்டு ஒருங்கிணைப்பாளர்களில் ஒருவர் தலித்தாக இருக்கட்டும். சாதிப் பெருமை பேசுபவரை, அவர் எவ்வளவு வேலை செய்பவராக இருந்தாலும், வெளியே அனுப்பும் விதி முதல் கூட்டத்திலேயே எழுதப்படட்டும். தீண்டாமை ஒழிப்பு முன்னணி, ஜனநாயக மாதர் சங்கம், திராவிடர் கழகம் போன்றவர்களுக்கு ஆணவக் கொலை மிரட்டல்களைக் கையாண்ட அனுபவம் உண்டு. 1967-ம் வருடத்துச் சட்டம் ஏற்றுக்கொண்ட சுயமரியாதைத் திருமணங்களை நடத்தி வைத்து, கூட நின்று காப்பாற்றியவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். நம்மைப் பற்றி அவர்கள் எல்லாருக்கும் தெளிவு இருக்கும் என்று சொல்ல மாட்டேன். போய்ப் பேசினால் கேட்பார்கள்.

சரி, சென்னை அமைப்போடு உறவு. அன்பாகப் பேசுகிறார்கள் என்று வாய்வார்த்தையில் விடாதீர்கள். நான்கு விஷயங்களை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அவர்கள் பெயரை நீங்கள் எப்போது பயன்படுத்தலாம், பத்திரிகைக்கு யார் பேசுவது, உங்கள் உறுப்பினர் விவரம் யாரிடம் இருக்கும், செலவுக்குப் பணம் எப்படி வரும். உறுப்பினர் விவரம் உங்களிடம்தான் இருக்க வேண்டும். நன்கொடையாளருக்கு அறிக்கை எழுத எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கை மட்டும் கொடுங்கள். பெயரும் ஊரும் போட்டோவும் கொடுக்காதீர்கள். சென்னையில் ஓர் ஆண்டறிக்கையில் வரும் முகம், வாட்ஸ்அப் வழியாக வலங்கைமானுக்கு வர ஒரு நாள் போதும்.

தனியாகப் பதிவு செய்யலாமா என்றால், அவசரப்படாதீர்கள் என்பேன். 1975-ம் வருடத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் வேண்டும். அந்த ஏழு பேரின் பெயர், முகவரி, தொழில் பொது ஆவணத்தில் ஏறும். வீட்டுக்குத் தெரியாதவர்கள் அதில் கையெழுத்துப் போடக் கூடாது. சென்னையில் 2003-ல் தொடங்கிய ஓரினம், பதிவு செய்யாத தன்னார்வக் குழுவாகவே இருபது வருடத்துக்கு மேல் நிலைத்திருக்கிறது. எச்ஐவி திட்டப் பணத்தில் மாவட்டங்களில் முளைத்த எத்தனையோ பதிவு பெற்ற அமைப்புகள், திட்டம் முடிந்ததும் அலுவலகத்தைப் பூட்டிவிட்டன. இன்னொரு சட்டக் காரணமும் உண்டு. 2020-ல் திருத்தப்பட்ட வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின்படி, வெளிநாட்டு நிதி வாங்கும் அமைப்பு அதை வேறோர் அமைப்புக்கு மாற்றித் தர முடியாது. நீங்கள் தனியாகப் பதிவு செய்துகொண்டால் சென்னையின் அந்தப் பணம் உங்களுக்கு வராது. அவர்களின் ஓர் அலகாக இருந்தால் அவர்களே நேரடியாக இங்கே செலவு செய்யலாம். சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் நம் பிள்ளைகள் பணம் அனுப்ப விரும்புவார்கள். இந்தியக் குடியுரிமை வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பில் சேராது. குடியுரிமை மாறியவர் அனுப்பினால் சேரும். வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் நித்தியச் செலவு உள்ளூர்ப் பணத்தில் நடக்கட்டும். மாதம் 50 ரூபாய் சந்தா, முடியாதவர்களுக்கு 10 ரூபாய், ரசீது கட்டாயம். ஒவ்வொரு கூட்டமும் போன மாதக் கணக்கை உரக்க வாசிப்பதோடு தொடங்கட்டும். டீ வாங்கிய 80 ரூபாய் வரைக்கும் வாசியுங்கள். கணக்கில் சந்தேகம் வந்த கிளை மறுபடி எழுந்து நான் பார்க்கவில்லை.

காதல் விவகாரமும் கிளையைக் கலைக்கும். சின்ன வட்டம், இங்கேயே சந்தித்து, இங்கேயே பழகி, இங்கேயே பிரிவார்கள். பிரிந்த இருவரில் ஒருவர் வராமல் போனால் அவருடைய நண்பர்களும் போவார்கள். இதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஒருங்கிணைப்பாளர்கள் மட்டும், புதிதாக உதவி தேடி வந்தவரோடு உறவு வைப்பதில்லை என்று விதி போடலாம். அத்துமீறல் புகாரைக் கேட்க, கிளைக்கு வெளியே இருக்கும் ஒரு பெண்ணை, வழக்கறிஞரோ பேராசிரியரோ, முன்பே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப் குழுவில் ஒருமுறையாவது நேரில் பார்த்தவர்களை மட்டும் சேருங்கள். தகவல் சொல்ல மட்டும் அதைப் பயன்படுத்துங்கள், சண்டையை நேரில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர்களை எப்போது கூப்பிடுவது என்று அடுத்து கேட்பீர்கள். ஓர் அம்மா தானாக வரும்போது. 2023-ல் திருமண வழக்கு நடந்தபோது ஸ்வீகார் என்ற பெற்றோர் அமைப்பிலிருந்து 400-க்கும் மேற்பட்ட பெற்றோர் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார்கள். அந்த மாதிரி ஒரு வட்டம் இங்கேயும் வரும். டெல்டாவின் ஒரு அம்மாவிடம் இன்னொரு டெல்டா அம்மா, "எனக்கும் அப்படித்தாம்மா இருந்துச்சு" என்று சொல்வதற்கு ஈடாக நீங்களும் நானும் எதையும் சொல்லிவிட முடியாது. வரும் முதல் அம்மாவை மேடையில் ஏற்றிவிடாதீர்கள், அவருக்கே இன்னும் அழுது முடிந்திருக்காது.

வெளியே தெரிவது இரண்டாம் வருடத்து வேலை. அதுவும் தனியாக மேடை போடத் தேவையில்லை. ஏப்ரல் 15 திருநங்கையர் தினத்தை ஜமாத்தோடு சேர்ந்து நடத்துங்கள். மாவட்டப் புத்தகத் திருவிழாவில் ஒரு சின்னக் கடை எடுங்கள். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், கும்பகோணம் அரசுக் கல்லூரி போன்ற இடங்களில் ஒரு பேராசிரியர் அழைத்தால் போய்ப் பேசுங்கள். பாலின அடையாளத்தையும் பாலீர்ப்பையும் வைத்துக் கேலி செய்வது ராகிங் என்று 2016-லேயே பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் விதியில் சேர்த்துவிட்டார்கள். மாணவர்களுக்கு அந்த ஒரு தகவலே பெரிய உதவி. திருநங்கையான நர்த்தகி நடராஜ், பரதத்துக்கு வடிவம் கொடுத்த தஞ்சை நால்வர் மரபில் வந்த கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் கற்று, 2019-ல் பத்மஸ்ரீ பெற்றவர். இந்த மண்ணின் கலை ஒரு திருநங்கையின் உடலில் தொடர்கிறது என்று தஞ்சாவூரில் சொன்னால் எதிர்த்துப் பேச ஆள் இருக்காது. பிரைடு ஊர்வலத்தைப் பற்றி, முகம் காட்டி நடக்கக்கூடியவர்கள் முப்பது பேராவது உள்ளூரிலிருந்தே சேர்ந்த பிறகு யோசியுங்கள். வெளியூரிலிருந்து பஸ்ஸில் ஆள் இறக்கி நடத்திவிட்டு அவர்கள் கிளம்பிப் போனால், அடுத்த நாள் தெருவில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

கடைசியாக, ஆள் மாறுவது. டெல்டாவில் படித்த பிள்ளை ஊரில் தங்காது. உங்கள் நால்வரில் இரண்டு பேராவது மூன்று வருடத்துக்குள் வேலைக்காக வெளியூர் போய்விடுவீர்கள். அதை இப்போதே கணக்கில் வைத்துத் தொடங்குங்கள். இரண்டு ஒருங்கிணைப்பாளர்கள், வேறு வேறு ஊர், வேறு வேறு பாலினம், ஒரு வருடப் பொறுப்பு, தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் கிடையாது. பொறுப்பு முடியும் மூன்று மாதத்துக்கு முன்பே அடுத்தவர் கூடவே இருந்து பழக வேண்டும். வழக்கறிஞரை, டாக்டரை, ஜமாத் அம்மாவை, இடம் தந்தவரை அவர் நேரில் பார்த்திருக்க வேண்டும். சிம் கார்டு, கணக்குப் புத்தகம், தீர்ப்பு நகல் ஃபைல், மின்னஞ்சல் கடவுச்சொல் ஆகிய நான்கையும் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் கைமாற்றி, மினிட்ஸில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வெளியூர் போனவர் பொங்கலுக்கு வரும்போது கூட்டத்துக்கு வரட்டும், சந்தா கட்டட்டும். ஆனால் முடிவுகளை ஊரில் இருப்பவர்களே எடுக்கட்டும்.